நான்காவது பென்டிரைவ் சந்தாபுராவில் இருந்தது

என் பிரியத்துக்குரிய தேவா மச்சானுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதே இல்லை. ஜீவனஹள்ளியில் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்த இரண்டு பேருக்குள் கடிதம் எதற்கு? மாடியில் நின்று கத்தினால் போதும். பிறகு உன் தங்கை கிரேஸை நான் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து நீ எனக்கு மச்சான், நான் உனக்கு மாப்ள. கத்துவது மட்டும் நிற்கவில்லை.

சபை மலரில் போட உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். உன்னைப் பற்றி ஊராரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உன்னிடமே பேசிவிடுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும். எப்படியும் உன் கடைசிப் பாட்டு என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு, மடியில் ஆபீஸ் லேப்டாப்பை வைத்து ஏதோ காப்பி செய்துகொண்டிருந்தாய். நர்ஸ் வந்து அதட்டியும் மூடவில்லை. கடைசியில் கிரேஸ் கையில் ஒரு பென்டிரைவைக் கொடுத்தாய். அதன் முதுகில் அவளே எப்போதோ நெயில் பாலிஷால் எழுதிய ‘எஸ்’ என்ற எழுத்து. சபைப் பாட்டில் பெண்களின் மேல்குரலான சொப்ரானோவுக்கு எஸ். “பத்திரமா வெச்சுக்கோ. வந்து தொறந்து காட்டறேன்” என்றாய். நீ வரவில்லை.

லேப்டாப் உன் ஆபீஸுக்குத் திரும்பிப் போனது. வழக்கப்படி அதில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல முடியாது. அடுகோடியில் என் ஆபீஸில் நான் செய்வதும் அதே வேலைதான். யார் வேலையை விட்டுப் போனாலும் அவர்களுடைய லேப்டாப் என் மேஜைக்கு வரும், நான் துடைப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதற்காகக் கை தயங்கியதில்லை. இப்போது கொஞ்சம் தயங்குகிறது.

அறுப்பின் பண்டிகைக்கு என்று நீ ஒரு புதுப் பாட்டு போட்டிருக்கிறாய் என்று நீ நடத்திய குவயருக்கு, நம் சபைப் பாடகர் குழு முழுமைக்கும், தெரியும். கேட்டவர் யாருமில்லை. உன் முதல் வருட நினைவு ஆராதனையில் அதையே பாடினால் நன்றாயிருக்கும் என்று போதகர் சொன்னார். உனக்குப் பிறகு குவயரை நடத்துகிற கிரேஸை எல்லாரும் பார்த்தார்கள். கிரேஸ் என்னைப் பார்த்தாள்.

“என்னங்க, அது அண்ணா குடுத்த பென்டிரைவுலதான் இருக்கணும். நீங்க கம்ப்யூட்டர்காரர்தானே, தொறந்து குடுங்க” என்றாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்றபடி மெதுவாக இன்னொன்றும் சொன்னாள். “பாட்டு மட்டும் இல்லங்க. அண்ணா எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறதுக்காகக் கள்ளக்குரல்ல சொப்ரானோ பாடுவாரே, அதுவும் இருக்கும். எனக்கு அதக் கேக்கணும்.”

மச்சான், உன் தங்கை என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. உனக்கே தெரியும். கேட்டது இது ஒன்றுதான்.

பென்டிரைவில் ஒரே ஒரு கோப்பு. பெயர் ‘அறுப்பு’. டிஸ்க் இமேஜ். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு டிஸ்க்கில் இருக்கிற அத்தனையையும் கோப்பு, ஃபோல்டர் எதுவும் கலையாமல் ஒரே கோப்பாகச் சுருட்டி வைப்பது. அதை டபுள் கிளிக் செய்தால் புதிதாக ஒரு டிஸ்க்கைச் செருகியது போலத் திரையில் வந்து உட்கார வேண்டும். எங்கள் பாஷையில் மவுண்ட் ஆவது. சி.டி. காலத்திலிருந்தே நீ எந்தப் பாட்டையும் இப்படித்தான் மூட்டை கட்டுவாய். தனித்தனியாக விட்டால் எதையாவது தொலைத்துவிடுவார்கள் என்பாய்.

என் விண்டோஸ் கம்ப்யூட்டர் அந்தக் கோப்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ செய்தது மேக்கில். ஆபீஸிலிருந்து ஒரு மேக் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி வந்தேன். டபுள் கிளிக் செய்தேன். கிரேஸ் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். ‘இந்த இமேஜை அடையாளம் காண முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்தது. ஓகே என்று ஒரு பட்டன். இதில் ஓகே சொல்ல என்ன இருக்கிறது?

முதலில் பென்டிரைவைச் சந்தேகப்பட்டேன். கோப்பை லேப்டாப்பில் காப்பி செய்து அங்கிருந்து திறந்தேன். அதே பெட்டி. அடுத்து மேக்கைச் சந்தேகப்பட்டு இன்னொரு மேக்கில் போட்டேன். அதே பெட்டி. டிஸ்க்கைச் சரிபார்க்கும் கருவியை ஓடவிட்டேன். கருப்புத் திரையில் கட்டளை அடித்துப் பார்த்தேன். வேறு வகைக் கோப்பாக மாற்றப் பார்த்தேன். இமேஜைப் பழுது பார்க்கும் என்று இணையத்தில் போட்டிருந்த ஏதேதோ புரோகிராம்களை இறக்கினேன். அவற்றால் லேப்டாப்புக்கு வைரஸ் வராமல் தப்பியதே பெரிய விஷயம்.

கடைசியில்தான் கோப்பின் அளவைப் பார்த்தேன். நான்கு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவு. உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். சபையில் இருக்கிற பழைய ஆம்ப்ளிஃபயர் பழைய ஃபார்மேட்டில் உள்ள பென்டிரைவை மட்டும்தான் படிக்கும். அதனால் குவயர் பென்டிரைவ்கள் எல்லாமே அந்தப் பழைய ஃபார்மேட்டில்தான் இருக்கும். அந்த ஃபார்மேட்டில் நான்கு ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பை வைக்க முடியாது. நீ பெரிய கோப்பைக் காப்பி செய்திருக்கிறாய், பாதியில் அறுந்துவிட்டது, வலியில் நீ கவனிக்கவில்லை. மிச்சம் லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப் துடைக்கப்பட்டுவிட்டது. முடிந்தது கதை.

கிரேஸிடம் சொன்னேன். என் வேலையில் கெட்ட செய்தியைச் சுற்றி வளைக்காமல் சொல்லிப் பழக்கம். “பாதிதான் இருக்கு கிரேஸ். மீதி போச்சு. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரி விடுங்க” என்றாள். அவ்வளவுதான். ஆனால் சமையலறையில் அவள் எப்போதும் ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே இருப்பாளே, அது நின்றுவிட்டது. குக்கர் சத்தம், குழாய்ச் சத்தம், கரண்டிச் சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. ஒரு வாரம் அந்த வீட்டில் சாப்பிட்டேன் மச்சான். உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த சனிக்கிழமை லில்லி ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். குவயரில் பெண்களின் கீழ்க்குரல் பாடும் ஆல்டோக்களுக்கெல்லாம் தலைவி. உன் பாட்டு இல்லையென்றால் வேறெதைப் பாடுவது என்று கிரேஸிடம் பேச வந்தார். டீயைக் குடித்துக்கொண்டே, எதையோ ஒளித்து வைத்திருந்த பிள்ளை மாதிரி, கைப்பையைத் திறந்தார்.

“எட்வின், என் பென்டிரைவும் தொறக்கல கண்ணா. தேவா ஆஸ்பத்திரில குடுத்தான். எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியலன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன். இவ்ளோ நாளா பார்ட் படிக்காம இருக்கேன்னா கிரேஸ் என்ன நினைப்பான்னு சொல்லவே இல்ல.”

அதன் முதுகில் நெயில் பாலிஷில் ‘ஏ’. செருகினேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. பெயர் ‘அறுப்பு’. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, அதற்குப் பின் பூஜ்யம் பூஜ்யம் இரண்டு.

நான் திரையில் மூக்கு இடிக்குமளவு குனிந்து அந்த எண்ணைத் திரும்பப் படித்தேன். லில்லி ஆன்ட்டி பயந்துபோய், “என்னப்பா, வைரஸா?” என்றார்.

கோப்பு அறுந்துபோகவே இல்லை. பெரிய இமேஜைப் பழைய பென்டிரைவில் வைக்க முடியாதென்று தெரிந்தே நீ அதைத் துண்டு போட்டிருக்கிறாய். முதல் துண்டு கிரேஸிடம், இரண்டாவது லில்லி ஆன்ட்டியிடம். எல்லாத் துண்டும் ஒரே ஃபோல்டரில் இருந்தால்தான் மவுண்ட் ஆகும். நான் ஒரு துண்டை வைத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். மற்ற துண்டுகள் எங்கே இருக்கும் என்று கிரேஸுக்கு நொடியில் தெரிந்துவிட்டது. எஸ், ஏ என்றால் அடுத்து ஆண்களின் மேல்குரல் டெனர், அதற்கடுத்து அடிக்குரல் பேஸ்.

இது உன் சட்டத்தால் வந்த வினை மச்சான். யாருக்கும் நீ முழுப் பாட்டைத் தந்ததே இல்லை. சொப்ரானோவுக்குச் சொப்ரானோ மட்டும், ஆல்டோவுக்கு ஆல்டோ மட்டும். “அடுத்தவங்க பார்ட்டை எட்டிப் பாக்காதீங்க, உங்க பார்ட் போயிடும்” என்பது உன் வேதம். அதனால் கையில் பென்டிரைவ் வந்ததும் ஒவ்வொருவரும் இது நம் பார்ட் மட்டும் என்று நினைத்தார்கள். திறக்கவில்லை என்றதும் தன்னால்தான் முடியவில்லை என்று வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். பாடத் தெரியாத எனக்கோ மற்றவர்களிடம் கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? எப்படியும் திரும்பி வந்துவிடுவோம் என்றுதான் நினைத்தாயா?

டெனர் ராஜன் என் ஆபீஸுக்குப் பக்கத்து லேத் பட்டறையில்தான் இருக்கிறான். திங்கட்கிழமை போய் நின்றேன். அவன் பென்டிரைவை ஸ்கூட்டர் சாவிக்கொத்திலேயே மாட்டியிருந்தான். செருகிப் பார்த்தால் ‘அறுப்பு’ என்று எதுவும் இல்லை. ‘டெனர் ஃபைனல்’ என்று ஒரு எம்.பி.த்ரீ கோப்பு இருந்தது.

“இதென்னடா?”

“நான்தாண்ணா பேர மாத்தினேன். பாட்டுதானே, எம்.பி.த்ரீன்னு பேர் வெச்சா பாடிடும்னு நெனச்சேன். பாடல. சும்னே விட்டுட்டேன்.”

பெயரை மாற்றினால் குணம் மாறிவிடும் என்று நம்புகிற ஜனங்களுக்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் சொல்கிறவன். திட்ட வாயெடுத்தேன். ஆனால் பழையபடி பூஜ்யம் பூஜ்யம் மூன்று என்று பெயர் வைத்ததும் கோப்பு பத்திரமாக இருந்தது. திட்டாமல் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

நான்காவது, பேஸ் பாடிக்கொண்டிருந்த விக்டரிடம் இருக்க வேண்டும். இங்கேதான் என் கால் பின்னுக்கு இழுத்தது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸ், கேரல் பிராக்டிஸில் பாட்டைப் பாதியில் நிறுத்தி, “விக்டர், உன் சத்தத்துல ஆல்டோ மூழ்கிப் போச்சு. இது சர்ச், பஸ் ஸ்டாண்ட் இல்ல” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாய். விக்டர் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு சபைக்கு வரவில்லை. குடும்பத்தோடு சந்தாபுராவுக்கே போய், அங்கே வேறொரு சபையில் சேர்ந்துகொண்டார். உன் அடக்கத்துக்கு வந்தார். பெட்டிக்குத் தோள் கொடுத்தார். யாரிடமும் பேசாமல் போனார். தப்பு உன்னுடையது மச்சான். செத்துவிட்டாய் என்பதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஹோசூர் ரோட்டில் வெயிலையும் லாரியையும் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் போனேன். விக்டர் வீட்டு வாசலில் பஸ் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார், உட்காரு என்று சொல்லவில்லை.

“தேவா அனுப்பிச்சதா? வந்துச்சு. ஆஸ்பத்திரிலேந்து பார்சல்காரன் கொண்டாந்து குடுத்தான். ஒரு வார்த்தை இல்ல, ஒரு போன் இல்ல. குவயர விட்டுப் போன ஆளுக்கு எதுக்கு பார்ட் அனுப்பறான்? என்னைக் கிண்டல் பண்றானான்னுதான் நெனச்சேன்.”

“தொறந்து பாத்தீங்களா?”

“டிவில சொருகினேன், ஒண்ணுமில்லன்னு காமிச்சுது. காலிதானேன்னு பொண்ணு கல்யாண போட்டோவெல்லாம் அதுல போட்டுட்டேன்.”

“இருந்ததை அழிச்சிட்டீங்களா?”

“நான் எதுக்கு குரு அழிக்கறேன்? எடம் இருந்துச்சு, போட்டேன்.”

லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஹாலில் உட்கார்ந்து செருகினோம். மணமேடையில் மாப்பிள்ளையும் பொண்ணும் வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். அவர்களுக்கெல்லாம் கீழே, ஓரமாக, ‘அறுப்பு’, பூஜ்யம் பூஜ்யம் நான்கு. நான் பெருமூச்சு விட்டது அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, காப்பி செய்துகொள்கிறேன் என்று மௌஸில் கை வைத்தேன். விக்டர் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“நக்கோ. உன்கிட்ட குடுக்கமாட்டேன். நாலு துண்டும் ஒண்ணா இருக்கணும்தானே? என் துண்ட நானே கொண்டு வரேன்.”

வாசல் வரை வந்தவர் ஸ்கூட்டர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “கடைசில அவன் என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?”

எனக்குப் பொய் சொல்ல வராது. “எங்கிட்ட ஒண்ணும் சொல்லல விக்டர்” என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வருவாரா மாட்டாரா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் நம் வீட்டு ஹாலில். கிரேஸ் மட்டன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு நிலைகொள்ளாமல் நடந்தாள். லில்லி ஆன்ட்டியும் ராஜனும் சோபாவில். குழம்பு கொதித்து இறக்கிய பிறகுதான் விக்டர் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்து, சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

நான்கையும் ஒரே ஃபோல்டரில் போட்டேன். முதல் துண்டை டபுள் கிளிக் செய்தேன். அந்தப் பாழாய்ப்போன பெட்டி வரவில்லை. திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளை டிஸ்க் வந்து உட்கார்ந்தது. உள்ளே ஃபோல்டர்கள். முதலில் எதைத் திறப்பது என்று நான் கேட்கவில்லை. கிரேஸுடையதைத் திறந்தேன்.

நீ பாடினாய் மச்சான். அதே கள்ளக்குரல். உச்சிக்குப் போகும்போது குரல் உடைந்து, “சே, ஏறல. கிரேஸ், உனக்கு ஏறும், பாத்துக்கோ” என்று இருமினாய். ராஜன் சிரித்துவிட்டான். கிரேஸும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே அந்த உச்சியை மெதுவாகப் பாடிப் பார்த்தாள். ஏறிவிட்டது. என் கண்ணீரும் நிற்கவில்லை, நான் அதை மறைக்கவும் இல்லை.

பேஸ் ஃபோல்டரைக் கடைசியாகத் திறக்கலாம் என்று விக்டரே சொன்னார். திறந்தோம். பாட்டின் நடுவில் நிறுத்தி நீ பேசுகிறாய்: “விக்டர், இந்த எடத்துல மத்த மூணு பார்ட்டும் வாய மூடிக்கும். நீ மட்டும்தான். எவ்ளோ சத்தம் வருமோ அவ்ளோவும் விடு. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரியைப் பாடிக் காட்டுகிறாய். உன் மெல்லிய குரலுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

விக்டர் நாற்காலியை லேப்டாப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இன்னொரு வாட்டி போடு” என்றார். போட்டேன். மூன்றாவது முறை அவரே பாடினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர், “ஏனாய்த்து ரீ?” என்று, என்ன ஆச்சோ என்ற பதற்றத்தில் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே மாடியில் வந்து நின்றார். சனிக்கிழமை பிராக்டிஸுக்கு விக்டர் சந்தாபுராவிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். கம்பெனி பஸ்ஸை ஷெட்டில் விட்டுவிட்டு நேராக வருகிறார்.

சாப்பிட்டு எல்லாரும் போன பிறகு டிஸ்க்கைக் கழற்றப் போனேன். நான்கு பார்ட்டுக்கு நான்கு ஃபோல்டர் இருக்க வேண்டும். ஐந்து இருந்தது. ஐந்தாவதன் பெயர் ‘மாப்ள’.

அதில் சின்னதாக ஒரே ஒரு பதிவு. “மாப்ள, எப்படியும் இத தொறக்கறது நீயாதான் இருக்கும். உனக்குப் பாட வராதுன்னு ஜீவனஹள்ளிக்கே தெரியும். அன்னிக்கு உன்னக் கூட்டிட்டுப் போக உன் ஆபீஸுக்கு வந்தேன்ல, சர்வர் ரூம் கதவு தொறந்திருந்துச்சு. உள்ள ஊங்குன்னு ஒரு சத்தம். நீ தினம் அதுக்குள்ளதான் இருக்க. கடைசி ஆமென் அதே சுருதில, அதே நோட்டுலதான் வெச்சிருக்கேன். ஒரே நோட்டு, ஏறவும் வேணாம் எறங்கவும் வேணாம். கடைசி பெஞ்சுல உக்காந்து மொபைல நோண்டாம எழுந்து வந்து நில்லு.”

இத்தனை வருடம் உங்கள் பிராக்டிஸுக்கு வயரும் மைக்கும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கும் ஒரு பார்ட் வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கிரேஸிடம்கூட. உனக்கு எப்படித் தெரிந்தது?

மறுநாள் சர்வர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சத்தத்தோடு சேர்ந்து முனகிப் பார்த்தேன். முதலில் மேலே போனது, பிறகு கீழே. அப்புறம் ஒரு இடத்தில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மெஷினோடு ஒட்டிவிட்டது. அதுதான் நீ சொன்ன இடம் என்று புரிந்தது. தினமும் போகிறேன். செக்யூரிட்டி கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு இப்போதெல்லாம் ஒன்றும் கேட்பதில்லை.

உன் நினைவு ஆராதனை வருகிறது. கடைசி பெஞ்சில் நான் இருக்க மாட்டேன். பேஸ் வரிசையில், விக்டருக்குப் பக்கத்தில் நிற்பேன். கடைசி ஆமெனில், நீ வைத்த அந்த ஒரே நோட்டை, ஏறாமல் இறங்காமல், கிரேஸ் கையை இறக்கும்வரை பிடித்திருப்பேன். இது உனக்கு என் வாக்கு, மச்சான்.

ஐந்தாவது ஃபோல்டருக்குச் சொந்தக்காரன்,
உன் தங்கை வீட்டுக்காரன்,
உன் மாப்ள எட்வின்